தாழ்ப்பாளுக்கு அந்தப் பக்கம்

வாலு என்பது அவளுக்கு அப்பா வைத்த பட்டப்பெயர். ஓர் இடத்தில் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்த வயதில் ஒட்டிக்கொண்டது, வளர்ந்த பிறகும் உதிரவில்லை. தானே பாட்டு எழுதி, தானே மெட்டமைத்து, தானே பாடி இணையத்தில் ஏற்றத் தொடங்கியபோது என்ன பெயர் போடுவது என்று அவள் யோசிக்கவே இல்லை. வாலு என்றே போட்டாள்.

பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. சாயங்காலம் கிடாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, மைக் கொடுக்கிற இடமெல்லாம் போவாள். காபிக் கடையின் மூலை, யாரோ ஒருவருடைய மொட்டை மாடி, கண்காட்சி மைதானத்தில் ஐஸ்கிரீம் வண்டிக்குப் பக்கத்துத் திண்டு. அவள் பாட்டுகள் சின்னச் சின்ன விஷயங்களைப் பற்றியவை. பஸ்ஸில் தூங்கிப் பக்கத்து ஆள் தோளில் சாய்ந்துவிடுகிறவர்கள், அம்மாவின் நர்ஸ் யூனிஃபார்ம் காயும் கொடி, ஜோடி தொலைந்த காலுறை. கேட்டவர்கள் சிரித்தார்கள், கைதட்டினார்கள், வீட்டுக்குப் போகும் வழியிலேயே மறந்துவிட்டார்கள்.

அவளுக்கு ஒலிப்பதிவு செய்து கொடுப்பவன் தாடி, கூடப் படித்த நண்பன். தன் படுக்கையறைச் சுவரில் பழைய மெத்தைகளையும் கம்பளிகளையும் ஆணியடித்துத் தொங்கவிட்டு, அதை ஸ்டூடியோ என்று சொல்லிக்கொள்வான். பதிவு நடக்கும்போது மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும், இல்லையென்றால் அந்த உறுமல் மைக்கில் ஏறிவிடும். ஒரு பாட்டு முடிவதற்குள் இரண்டு பேரும் வியர்வையில் தெப்பமாக நனைந்திருப்பார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலுறைப் பாட்டைப் பதிவு செய்து முடித்ததும் தாடி ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டுச் சொன்னான்.

"கோச்சுக்காத வாலு. பாட்டெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒண்ணும் வலிக்கல."

"வலிக்கணுமா?"

"கேக்கறவன் அடுத்த பாட்டுக்குத் தாவாம இருக்கணும்னா, ஆமா, கொஞ்சமாவது வலிக்கணும்."

அந்த வார்த்தை அவளைத் துரத்தியது. தன்னுடைய வாழ்க்கையைப் புரட்டிப் பார்த்தாள். வலி என்று எடுத்துக் காட்ட ஒன்றும் அகப்படவில்லை. அம்மா மருத்துவமனையில் நர்ஸ், பாதி நாள் இரவு வேலை. அப்பா டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். வாலுவுக்குச் சோறு போட்டு, பாடம் சொல்லி, தலை பின்னிவிட்டுத் தூங்க வைத்ததெல்லாம் பெரும்பாலும் அப்பாதான். கோணல் மாணலாகப் பின்னுவார் என்பதைத் தவிர வேறு குறை சொல்ல முடியாது. சந்தோஷமாக வளர்ந்துவிட்டோமே என்பதே அவளுக்கு ஒரு குறையாகப் போய்விட்டது.

அப்படித் துழாவியபோது ஒரு சம்பவம் கையில் பட்டது.

அவளுக்கு ஆறேழு வயது இருக்கும்போது நடந்தது அது. அம்மா வேலைக்குப் போயிருந்தாள். குளியலறைக் கதவின் தாழ்ப்பாள் உள்ளே மாட்டிக்கொண்டது. எவ்வளவு இழுத்தும் நகரவில்லை. போதாக்குறைக்கு பல்பும் ஃபியூஸ் போயிற்று. அவள் அலறிய அலறலில் அப்பா ஓடி வந்தார். பக்கத்து வீட்டுக்காரரைத் தச்சரை அழைத்துவர அனுப்பிவிட்டுக் கதவோரமாகத் தரையிலேயே உட்கார்ந்துகொண்டார். தச்சர் வரும்வரை பேச்சை நிறுத்தவில்லை. தன்னிடம் கார் கற்றுக்கொள்ள வருகிறவர்களைப் போலவே நடித்துக் காட்டினார். பிரேக் என்று நினைத்து ஹாரனை அழுத்தும் வங்கி மேனேஜர், கார் நகர்ந்தாலே கண்ணை மூடிக்கொள்ளும் அத்தை, கியர் போடும்போதெல்லாம் நாக்கைக் கடிக்கும் கல்யாண மாப்பிள்ளை. இருட்டுக்குள் உட்கார்ந்து அவள் வயிறு வலிக்கச் சிரித்தாள். வெளியே அவரும் சிரித்தார். கடைசியில் கதவைப் பெயர்த்துத் திறந்தபோது, "இன்னும் கொஞ்ச நேரம் உள்ளயே இருக்கேம்ப்பா, அந்த அத்தைய மறுபடி பண்ணுங்க" என்றாளாம்.

இதுதான் நடந்தது. இதை அப்படியே எழுதிப் பார்த்தாள். காலுறைப் பாட்டைப் போலவே இருந்தது, இனிமையாக, மறந்துபோகிற மாதிரி. பிறகு ஒரே ஓர் இடத்தை மாற்றினாள். தாழ்ப்பாளை உள்ளேயிருந்து எடுத்து வெளியே வைத்தாள்.

*கதவுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீ,*
*தாழ்ப்பாள் உன் கையில், சிரிப்பு உன் வாயில்.*
*இருட்டுக்கு என் பெயரைச் சொல்லிக்கொடுத்தேன்,*
*அது மட்டும்தான் என்னைக் கூப்பிட்டது.*

மெத்தை அறையில் இதைப் பாடி முடித்தபோது தாடி பதிவை நிறுத்தக்கூட மறந்திருந்தான். பிறகு திரும்பி, "உங்கப்பாவா?" என்று மெதுவாகக் கேட்டான்.

"பாட்டுடா. கற்பனை" என்றாள். அதுவரை அவள் பொய் சொல்லவில்லை.

'அந்தப் பக்கம்' என்று பெயர் வைத்து வெளியிட்டார்கள். முதலில் வழக்கம்போலத் தெரிந்தவர்கள் மட்டும் கேட்டார்கள். பிறகு யாரோ ஒரு பெண், மூடிய கதவு முன்னால் உட்கார்ந்து அந்த நான்கு வரிக்கு வாயசைத்து ஒரு காணொளி போட்டாள். அதைப் பார்த்து இன்னொருத்தி போட்டாள். அப்புறம் நிற்கவில்லை. கண்ணாடிக் கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவரின் போன் அவள் குரலில் ஒலித்தது. அன்று அவள் அவருக்கு ஃபிரேமை இரண்டு முறை தப்பாக வளைத்தாள், அத்தனை சந்தோஷம்.

வீட்டில் அப்பா பாட்டைக் கேட்டார். "மெட்டு நல்லா இருக்கு. யாரோ பாவம் அந்தப் பொண்ணு" என்றார். பாட்டில் வருகிற பெண்ணைத்தான் சொன்னார்.

பேட்டி கேட்டு அழைப்பு வந்தது. பேட்டி எடுத்தவளுக்குத் தணிந்த, கனிவான குரல். தண்ணீர் கொடுத்து, விளக்குகளைச் சரிசெய்து, பொதுவாக ஏதேதோ கேட்டுவிட்டு, சட்டென்று முன்னால் குனிந்தாள்.

"இது உங்க சொந்தக் கதைதானே?"

வாலு வாயைத் திறந்தாள். எதிரே இருந்தவளின் கண்கள் அதற்குள்ளாகவே கலங்கியிருந்தன. கேமராவுக்குப் பின்னால் நின்றவரும் அசையாமல் காத்திருந்தார். இல்லை, நானே கட்டியது என்று சொன்னால் அந்த அறை முழுக்கக் காற்றுப் போன டயர் மாதிரி ஆகிவிடும் என்று தோன்றியது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அந்த மௌனத்தையே பதிலாக எடுத்துக்கொள்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை.

"இப்ப அப்பா மாறிட்டாரு" என்றாள்.

அந்த ஒரு வரி பாட்டைவிட வேகமாகப் பரவியது. கொடுமைக்காரத் தகப்பனை மன்னித்த மகள் என்று கொண்டாடினார்கள். அவள் படித்துப் படித்து மகிழ்ந்தாள். நடுநடுவே உள்ளே ஏதோ சுருக்கென்றது. அப்பாவுக்கு இதையெல்லாம் பார்க்க நேரமிருக்காது என்று சொல்லிச் சமாதானப்படுத்திக்கொண்டாள்.

அப்பா பார்க்கவில்லைதான். அவரிடம் கார் கற்றுக்கொண்டவர்கள் பார்த்தார்கள்.

அவரிடம் பெண்கள்தான் அதிகம் கற்றுக்கொள்வார்கள். கத்தமாட்டார், அதனால் அம்மாக்களே மகள்களைக் கொண்டுவந்து விடுவார்கள். "இந்தக் கார்ல ரெண்டு பிரேக் இருக்கும்மா. ஒண்ணு உன் காலுக்கு, இன்னொண்ணு என் உயிருக்கு" என்று சொல்லித்தான் முதல் பாடத்தை ஆரம்பிப்பார். இப்போது அதே அம்மாக்கள் ஒவ்வொருவராக வந்து, வேறு ஆளைப் போடுங்கள் என்றார்கள். டிரைவிங் ஸ்கூல் முதலாளி அப்பாவைக் கூப்பிட்டு, கொஞ்ச நாளைக்கு வண்டிகளின் ஆயில், டயர் வேலையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். காரணம் கேட்டதற்குத் தன் போனை எடுத்துக் காட்டினார்.

இதை அப்பா வீட்டில் சொல்லவில்லை. அம்மாதான் எப்படியோ தெரிந்துகொண்டு, வாலு வேலை முடிந்து வந்ததும் சமையலறைக்குள் இழுத்துப் போனாள்.

"நான் டியூட்டில இருந்த நேரத்துல… நிஜமாவே அப்படி நடந்துச்சா?"

"அம்மா, அது வந்து…"

"எங்கிட்ட ஏன்டி சொல்லல? நான் அவர்கிட்ட கேட்டுட்டேன். ஞாபகம் இல்லைங்கறாரு. எனக்கு என்ன நினைக்கறதுன்னே தெரியல. கூட இருந்து பாத்தவளா நான்?"

வாலு வாய் திறப்பதற்குள் வாசலில் ஹாரன் சத்தம் கேட்டது. அப்பா ஸ்கூல் காரைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். "வாலு, கொஞ்சம் வா, ஒரு ரவுண்டு போகலாம்."

பழக்க தோஷத்தில் அவர் இடது பக்கம் உட்கார்ந்துகொண்டார். அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தாள். தெரு முனை திரும்பினார்கள். அவர் முன்கண்ணாடியையே பார்த்தபடி ஆரம்பித்தார்.

"யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன். அந்தக் குளியலறைதானே? தாழ்ப்பாள் மாட்டிக்கிச்சே, அது. நீ சின்னப் பிள்ளை. நான்தான் வெளிய பூட்டிட்டு நிக்கறேன்னு நினைச்சிருப்ப. உள்ள நீ பயந்து கெடக்க, நான் பாட்டுக்கு வெளிய உக்காந்து சிரிச்சிருக்கேன். நீயும் சிரிச்ச மாதிரிதான் எனக்கு ஞாபகம். ஆனா அழுதிருப்ப போல. கதவு நடுவுல இருந்ததுல எனக்குத் தெரியல." தொண்டையைச் செருமிக்கொண்டார். "இத்தனை வருஷமா மனசுக்குள்ள வெச்சிருந்திருக்கியே. மன்னிச்சுக்கம்மா."

கார் உதறி நின்றுபோனது. கிளட்சிலிருந்து காலை எடுத்துவிட்டிருந்தாள். பின்னாலிருந்து யாரோ ஹாரன் அடித்தார்கள்.

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. ஆனால் அப்பாவே அவளுக்கு ஒரு வழியைத் திறந்துவிட்டிருந்தார். சின்னப் பிள்ளை, பயம், தப்பாகப் புரிந்துகொண்டது. அந்த வழியாக வெளியே போய்விட்டால் யாரும் பொய்யர் இல்லை. யாருக்கும் அவமானம் இல்லை.

"பரவால்லப்பா" என்றாள்.

அவர் தலையசைத்தார். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வண்டிய நியூட்ரலுக்குக் கொண்டாந்து ஸ்டார்ட் பண்ணு" என்றார்.

செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கேட்ட மனிதரைத் தான் பெரிய மனசு பண்ணி மன்னித்துவிட்டோம் என்பது வண்டி நகரத் தொடங்கியபோது அவளுக்கு உறைத்தது. அன்றிலிருந்து வீட்டில் அவரை நேருக்கு நேர் பார்க்க முடியவில்லை. அவர் கூடத்துக்கு வந்தால் அவள் எழுந்து உள்ளே போனாள். அவரோ, மகளுக்குப் பழைய பயம் இன்னும் போகவில்லை என்று எடுத்துக்கொண்டு, அவள் இருக்கும் அறைக்குள் வருமுன் வாசலிலிருந்தே குரல் கொடுக்க ஆரம்பித்தார். "வாலு, அப்பா வரேன்மா." ஒவ்வொரு முறையும் அது அவளை அறைந்த மாதிரி இருந்தது.

அடுத்த வாரம் ஒரு புத்தகக் கடையின் மாடியில் அவளுடைய நிகழ்ச்சி. ஏற்கனவே ஒத்துக்கொண்டது. முன்பெல்லாம் இடம் நிறைந்த மாதிரி காட்ட நாற்காலிகளைத் தள்ளித் தள்ளிப் போடுவார்கள். இன்று நாற்காலி போதாமல் ஜனங்கள் தரையிலும் படிக்கட்டிலும் உட்கார்ந்திருந்தார்கள். தாடி மைக்குகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது ஓர் அம்மாள் அவளிடம் வந்தார். நரை ஓடிய தலை, தோளில் பெரிய பை. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் என்றார்.

"என்னை எங்க சித்தப்பா பூட்டிப் போடுவாரு. சாமான் அறையில. அம்பது வயசாச்சு, வீட்டுக்காரர்கிட்டகூட நான் சொன்னதில்லை. உங்க பாட்டக் கேட்டுட்டுத்தான் சொன்னேன்." வாலுவின் கையைப் பிடித்து அழுத்தினார். "நமக்குத்தான் தெரியும் அது, இல்லையா?"

வாலு சிரிக்க முயன்றாள். உதடு ஒத்துழைக்கவில்லை.

எல்லோருக்கும் பின்னால் சுவரோரமாக அம்மாவும் அப்பாவும் நின்றிருந்ததை அப்போதுதான் பார்த்தாள். வரச் சொல்லி அவள் கூப்பிடவில்லை. அப்பா இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தார். பேட்டியில் குடும்பப் படம் ஒன்றைக் காட்டியிருந்ததால் சிலர் அவரை அடையாளம் கண்டுகொண்டார்கள். கிசுகிசுத்தார்கள். அவரைச் சுற்றி மட்டும் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் காலியாகவே இருந்தது.

காலுறைப் பாட்டைப் பாடினாள். பஸ் பாட்டைப் பாடினாள். கூட்டம் பொறுமையாகக் காத்திருந்தது. கடைசியில் 'அந்தப் பக்கம்' தொடங்கியதும் எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். கண்ணை மூடிக்கொண்டு பாடினார்கள். தாழ்ப்பாள் உன் கையில், சிரிப்பு உன் வாயில்.

இரண்டாவது சரணத்துக்கு முன்னால் கிடார் மட்டும் தனியாக ஒலிக்கும் இடத்தில் அவள் நிமிர்ந்து பார்த்தாள். கண்ணாடி போட்ட ஒரு வாலிபன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அப்பாவிடம் போனான். அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினான். சத்தமாகவே சொன்னான்:

"மாறினதுக்கு வாழ்த்துகள் சார். அது பெரிய விஷயம்."

அப்பா ஒரு கணம் அவனைப் பார்த்தார். பிறகு, "நன்றிப்பா" என்றார்.

வாலுவின் விரல்கள் கம்பியில் அப்படியே நின்றுவிட்டன. அடுத்த சரணத்தை மறந்துவிட்டாள் என்று நினைத்து முன்வரிசையில் இருந்தவர்கள் எடுத்துக்கொடுத்தார்கள். அவள் மைக்கைப் பிடித்தாள்.

"இது நடக்கல" என்றாள். குரல் கீச்சென்று வந்தது. "எங்கப்பா என்னைப் பூட்டல. தாழ்ப்பாள் தானா மாட்டிக்கிச்சு. தச்சர் வர்ற வரைக்கும் அவர் வெளிய உக்காந்து எனக்கு வேடிக்கை காட்டிட்டிருந்தாரு. நான் சிரிச்சேன். பாட்டு நல்லா வரணும்னு மாத்தினேன். பேட்டியில கேட்டப்ப பொய் சொன்னேன்."

முதலில் யாருக்கும் புரியவில்லை. யாரோ கைதட்டக்கூடச் செய்தார், இதுவும் மன்னிப்பில் ஒரு வகை என்று நினைத்திருக்கலாம். பிறகு மெல்ல மெல்ல எல்லோருக்கும் புரிந்தது. "அட ச்சே" என்றது ஒரு குரல். நாற்காலிகள் இழுபட்டன. போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் இன்னும் கிட்டே கொண்டுவந்து பிடித்தார்கள். தாடி எழுந்து போய் ஸ்பீக்கரின் இணைப்பைப் பிடுங்கினான். கிடாரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்ற அவளுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

கணக்கு டீச்சர் மற்றவர்களோடு படியிறங்கவில்லை. நேராக அவளிடம் வந்தார். அடித்துவிடுவாரோ என்று நினைத்தாள். அடித்தால் தேவலை என்றும் நினைத்தாள்.

"அந்தப் பாட்ட எடுத்துடறேன் மேடம். இன்னைக்கே அழிச்சுடறேன்."

"அழிக்காதீங்க" என்றார் அவர். வகுப்பில் பேசுகிற மாதிரி ஒவ்வொரு சொல்லும் தெளிவாக வந்தது. "அத வெச்சுத்தான் நான் என் வீட்டுக்காரர்கிட்ட வாயத் தொறந்தேன். என்னை மாதிரி இன்னும் எத்தனை பேரோ. அது இருக்கட்டும். ஆனா நீங்க இனிமே அதப் பாடாதீங்க. அது உங்களோடது இல்லை."

பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

வீட்டுக்குத் திரும்பும்போது ஸ்கூல் காரை அப்பாதான் ஓட்டினார். அம்மா பின்னால் உட்கார்ந்து சத்தம் வராமல் அழுதுகொண்டிருந்தாள். மகளை நம்பிக் கணவரைக் கேள்வி கேட்டவள் அவள். அந்தக் கேள்வியை இனி எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? வாலு இரண்டு முறை "அப்பா" என்றாள். அவர் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, சாவியை எடுத்த பிறகு கேட்டார்.

"பாட்டுக்காக மாத்தினே, சரி. கேமரா முன்னாடி ஏதோ உளறிட்டே, அதுகூடச் சரி. அன்னைக்கு இதே வண்டியில நான் மன்னிப்புக் கேட்டேனே. அத எப்படிம்மா வாங்கிக்கிட்டே?"

அவர் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு இறங்கி உள்ளே போனார்.

அதன் பிறகு அவர் அவளிடம் நேரடியாகப் பேசவில்லை. கோபத்தில் கத்தியிருந்தால் எதிரே நின்று வாங்கிக்கொண்டிருப்பாள். அவர் கத்துகிற ஜாதி இல்லை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அம்மாவிடம் சொன்னார். அவள் வந்தாளா என்று கேளு, கதவைச் சாத்தச் சொல்லு. அறை வாசலில் குரல் கொடுப்பதையும் நிறுத்திவிட்டார். அவள் ஆசைப்பட்டதென்னவோ அதைத்தான், ஆனால் இந்த விதத்தில் இல்லை.

இணையத்தில் அவளைக் கிழித்துத் தோரணம் கட்டினார்கள். அவள் ஒன்றையும் அழிக்கவில்லை. உண்மையில் நடந்ததைச் சுருக்கமாகப் பாட்டுக்குக் கீழே எழுதிவைத்தாள். பேட்டி எடுத்தவளைப் போனில் கூப்பிட்டுச் சொன்னாள். அந்தக் கனிவான குரல் அன்று கனிவாக இல்லை. பிறகு கண்ணாடிக் கடையில் விடுப்புச் சொல்லிவிட்டு டிரைவிங் ஸ்கூலுக்குப் போனாள். முதலாளியின் மேசைக்கு எதிரே நின்று உண்மையைச் சொன்னாள். "இத நீங்க அவங்ககிட்டயே சொல்லணும்" என்று சொல்லி, வேறு ஆள் கேட்டவர்களின் வீட்டு விலாசங்களை அவர் தந்தார்.

ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கினாள். "எங்கப்பாவப் பத்தி நான் சொன்னது பொய்" என்று முதல் வீட்டில் சொல்லும்போது நாக்கு ஒட்டிக்கொண்டது. கடைசி வீட்டிலும் அப்படியேதான் ஒட்டிக்கொண்டது, பழகவே இல்லை. ஒரு வீட்டில் தண்ணீர் கொடுத்தார்கள். ஒரு வீட்டில் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினார்கள். இன்னொரு வீட்டு அம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இப்பச் சொல்றதுதான் பொய்யோ, யார் கண்டா? அவரே உன்னை அனுப்பியிருக்கலாம்" என்றாள். அந்த வார்த்தையைச் சுமந்துகொண்டு பஸ் நிறுத்தத்தில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். தான் சொன்ன பொய்யைத் தன்னாலேயே முழுதாகத் திரும்ப எடுக்க முடியாது என்பது அங்கேதான் அவளுக்குப் புரிந்தது.

கார் கற்றுக்கொண்டிருந்த பெண்களில் பாதிப்பேர் அப்பாவிடம் திரும்பி வந்தார்கள். மீதிப்பேர் வரவில்லை.

மழைக்காலம் முடிந்த பிறகு, குடியிருப்போர் சங்கக் கூடத்தில் அவளுக்கு ஒரு சின்ன வாய்ப்பு கிடைத்தது. தாடிதான் யார் யாரையோ கெஞ்சி வாங்கித் தந்தான். முன்வரிசையில் ஏழெட்டுப் பேர், அதில் இரண்டு பேர் மழைக்கு ஒதுங்கின மாதிரி வந்து உட்கார்ந்தவர்கள். ஸ்பீக்கர் இரைந்துகொண்டிருந்தது. புதிதாக எழுதிய இரண்டு பாட்டுகள் கையில் இருந்தன. வலிக்குமா என்று தாடி கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

கிடாரைச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தபோது அம்மா உள்ளே வந்தாள், நர்ஸ் யூனிஃபார்மோடு, நேரே வேலையிலிருந்து. வாலு அவளுக்குப் பின்னால் வாசலைப் பார்த்தாள்.

"அப்பா வரல" என்றாள் அம்மா.

"வரமாட்டேன்னுட்டாரா?"

அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கால் வலியோ என்னவோ, செருப்பைக் கழற்றிவிட்டாள்.

"வரமாட்டேன்னு சொல்லல. இன்னைக்கு வரலைன்னுதான் சொன்னாரு."

வாலு தலையாட்டினாள். அந்த இரண்டுக்கும் நடுவில் இருந்த இடைவெளியை மனதுக்குள் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பிறகு மைக்குக்கு முன்னால் போய் நின்றுகொண்டு, கேட்க வந்திருந்த அத்தனை பேருக்கும் வணக்கம் சொன்னாள்.